முத்திரை கொட்டாஞ்சேனையில் இருந்தது

காலை ஆறு மணி நாற்பது. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஏணியில் நின்ற பெயின்ட்காரர் ஒருவரைத்தான் முதலில் கண்டேன். மாடிவீடொன்றின் மதிலுக்கு மேலே பலகையொன்றை ஏற்றி, அதில் வில்லும் அம்பும் கீறிக்கொண்டிருந்தார். அம்பு முடிந்திருந்தது. வில்லுக்கு நாண் இன்னும் இல்லை. படத்துக்குக் கீழே, 'பழங்குடி மாணவர் உயர்கல்வி ஆயத்தப் பாடநெறி' என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தது.

மட்டக்களப்பு இரவு ரயிலில் வந்து இறங்கிய நாங்கள் ஆறு பேர் கீழே நின்றோம். நான்கு பையன்கள், இரண்டு பெண்கள். ஆளுக்கொரு பயணப்பை. பெயின்ட்காரர் குனிந்து பார்த்து, வீட்டில் இன்னும் ஒருவரும் எழும்பவில்லை, மணி அடித்துப் பயனில்லை என்றார். பிறகு பேச்சுத் துணைக்குக் கேட்டார்:

"தம்பி, இந்த வேடர்மார் எப்ப வாறாங்களாம்? ஒருக்காப் பாத்திட்டுப் போகலாம் எண்டு நிக்கிறன்."

எங்களில் ஒருத்தி, வாயில் கடித்திருந்த கொண்டையூசியை எடுக்காமலே, "நாளைக்காம்" என்றாள்.

அவர் நம்பினார். நாணைப் போட்டு முடித்தார். நாளைக்குத் தனக்கு தெஹிவளையில் வேலை என்று வருத்தப்பட்டுக்கொண்டு ஏணியைத் தோளில் வைத்துப் போனார்.

அந்த ஒருத்தியைப் பற்றித்தான் இதில் அதிகம் எழுதப்போகிறேன். மற்ற ஐந்து பேரின் கதையும், என்னுடையது உட்பட, அரைப் பக்கத்துக்குக் காணாது.

எங்கள் ஊர் மட்டக்களப்புக்கு வடக்கே, கடலுக்கும் களப்புக்கும் இடையில் கிடக்கிறது. புத்தகங்களில் எங்களுக்குக் கரையோர வேடர் என்று பெயர். நாங்கள் பேசுவது தமிழ். களப்பில் மீன் பிடிப்போம், பருவத்துக்குக் காட்டில் தேன் எடுப்போம், வருடத்துக்கொரு தடவை உத்தியாக்கள் என்கிற மூதாதையருக்குச் சடங்கு வைப்போம். அயலூர்க்காரர் சண்டை வந்தால் எங்களை வேடன் என்பார்கள். சண்டை இல்லாத நாட்களில் மனதுக்குள் வைத்துக்கொள்வார்கள். பிறப்புச் சான்றிதழில் மட்டும் எல்லோரும் இலங்கைத் தமிழர். அதை எழுதியவர் கேட்டு எழுதவில்லை, எங்கள் ஆட்களும் வாசித்துப் பார்க்கவில்லை.

போர் எங்கள் பக்கம் வந்தபோது ஊர் முழுவதும் ஒரே நாளில் நடந்து வெளியேறியது. முகாமில் தறப்பாள் கூடாரத்துக்குள் இருந்துகொண்டு உயர்தரப் பரீட்சை எழுதினோம். எனக்கு மூன்று பாடத்திலும் 'எஃப்', சித்தியில்லை. ஒரே எழுத்தை மூன்று தடவை அச்சடிக்கப் பரீட்சைக்காரர்களுக்கு இலகுவாக இருந்திருக்கும். அவள் வர்த்தகப் பிரிவில் இரண்டு பாடத்தில் சித்தியடைந்து, மூன்றாவது பாடத்தின் தினத்தில் பஸ் ஓடாததால் மண்டபத்துக்குப் போகாமல் விட்டவள். பழங்குடிப் பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வெளிநாட்டுக் காசு கிடைத்திருந்த ஒரு தர்ம அமைப்பு முகாமுக்கு வந்தது. சின்ன நேர்முகம் ஒன்று வைத்து ஆறு பேரைத் தெரிவுசெய்தது. ஆறாவது ஆள் நான். ஏழாவது ஆள் அன்று மீன் வாங்கப் போயிருந்தான்.

இயக்குநர் ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி. யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைச் சட்டையில் இரண்டு பேனாக்களுடன் காலை எட்டு மணிக்கு வருவார். ஒன்று எழுத, மற்றது ஒப்பம் வைக்க. நல்ல மனிதர். எங்களைப் பத்து மாதத்தில் பல்கலைக்கழகத்துக்கு ஏற்றவர்களாக மாற்றவேண்டும் என்று அவர் ஒப்பந்தம் போட்டிருந்தார். அதற்கு என்னென்ன வேண்டும் என்பதற்கு ஒரு பட்டியலும் வைத்திருந்தார். பொருளியலும் ஆங்கிலமும் அதில் இருந்தன. முள்ளுக்கரண்டியால் நூடில்ஸ் சாப்பிடுவதும் இருந்தது. முள்ளுக்கரண்டிப் பாடம் மூன்று கிழமை நடந்தது. மீன் முள் எடுப்பதில் ஊரில் பெயர் பெற்ற ஒருவன் அதில் கடைசியாக வந்தான்.

காசு தந்தவர்களுக்கு மாதமொரு செய்திமடல் அனுப்பவேண்டியிருந்தது. ஆறு பேரையும் 'என் பால்யம்' என்று கட்டுரை எழுதச் சொன்னார். நான் ஊரில் மின்சாரம் இல்லாததால் கார் பற்றரியில் டீவி பார்த்ததைப் பற்றி எழுதினேன். அவள் வாழைச்சேனைக்கு டியூஷனுக்குப் போகும் பஸ்ஸைப் பற்றி எழுதினாள். இயக்குநர் ஆறையும் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பிள்ளையள், எல்லாம் வடிவா இருக்கு. ஆனா கொஞ்சம் காடு போடுங்கோ."

போட்டோம். அவளுடைய பஸ் இரண்டாம் பிரதியில் காட்டுக்குள்ளால் ஓடியது.

பொலிஸ் பதிவு இரண்டாம் நாளே நடந்தது. கிழக்கிலிருந்து வந்து கொழும்பில் தங்கும் தமிழருக்கு அந்தத் துண்டு இல்லாமல் தெருவில் இறங்க முடியாத காலம். பையன்கள் பாடநெறி நடந்த வீட்டு மாடியில். பெண்கள் கொட்டாஞ்சேனையில் கன்னியாஸ்திரிகளின் விடுதியில். ஆகவே இரண்டு நிலையத்தில் பதிந்தார்கள். எங்கள் நிலையத்தில் இருந்த சார்ஜனுக்கு இயக்குநர் சிங்களத்தில் விளக்கினார்: இவர்கள் சாதாரண ஆட்கள் அல்ல, வேடர். சார்ஜன் பேனையை வைத்துவிட்டார். "வெத்தோத?", வேடர்களா, என்று கேட்டு முகமெல்லாம் மலர்ந்தார். உடும்பு சாப்பிடுவீர்களா, கோடரி எங்கே, தேன் கொண்டு வரவில்லையா என்று கேள்வி மேல் கேள்வி. எங்களில் ஒருவன் அவருடைய மனம் நோகக்கூடாதென்று உடும்பு தினமும் சாப்பிடுவதாகச் சொன்னான். அவன் நெத்தலிக் கருவாட்டையே தள்ளிவைப்பவன். பிளேன்ரீ வந்தது. எல்லாம் முடிந்தபின் சார்ஜன் பேனையை எடுத்து இனம் என்ற இடத்தில் நான்கு பேருக்கும் 'தெமள' என்று எழுதினார். தமிழர் என்றுதான். ஊரில் கேளாமல் எழுதியதை இங்கே பிளேன்ரீ தந்து எழுதினார்கள்.

பாடநெறியில் ஆறு பேருக்கு ஒரே ஒரு கணினி. யார் எப்போது பாவிப்பது என்று இயக்குநர் நேரசூசி போட்டிருந்தார். அதை அவரைத் தவிர ஒருவரும் பார்க்கவில்லை. எங்களுக்கு வேறு முறை இருந்தது. காட்டில் தேன் கூட்டைக் கண்டவர் அந்தப் பொழுதில் எடுக்க முடியாவிட்டால், மரத்தடியில் ஒரு கொப்பை முறித்துப் போட்டுவிட்டுப் போவார். இலை காய்ந்தாலும் அந்த மரத்தை வேறு ஆள் தொடமாட்டார். களப்பில் கட்டிவைத்த தோணிக்கும் அப்படித்தான். அவள் மதிலோரம் நின்ற முருங்கையில் ஓர் ஈர்க்கை முறித்துக் கணினிக் கதிரையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போவாள். நாங்கள் ஐவரும் அந்தப் பக்கம் போகமாட்டோம். இயக்குநர் வந்து, "உந்தக் குப்பையை ஆர் இஞ்ச கொண்டுவந்து போடுறது?" என்று எடுத்து எறிவார். அவள் திரும்பி வந்து, எடுத்தது யார் என்று எங்களை விசாரிப்பாள். கள்ளன் என்ற சொல்லும் அதில் வரும். இது நான்கு மாதம் நடந்தது. ஐந்தாம் மாதம் இயக்குநர் எங்கள் சமையற்காரியிடம் முருங்கையை வெட்டிவிடச் சொன்னார். சமையற்காரி, கீரைக்கு எங்கே போவது என்று கேட்டு மரத்தைக் காப்பாற்றினார்.

ஆகஸ்டில் ஆறு பேரும் வெளிவாரிப் பரீட்சார்த்திகளாகக் கொழும்பில் மறுபடியும் உயர்தரம் எழுதினோம். விண்ணப்பத்தில் இயக்குநர் தன் கையாலேயே வெள்ளவத்தை விலாசத்தை அழகாக எழுதினார். முடிவு வந்தபோது என்னுடைய மூன்று எஃப்பில் ஒன்று 'எஸ்' என்ற வெறும் சித்தியாக உயர்ந்திருந்தது. எந்த மாவட்டத்துக்கும், இனிமேல் புதிதாகப் பிரிக்கப்படக்கூடிய மாவட்டங்களுக்கும், அது போதாது. மற்ற நால்வரின் பெறுபேறும் என்னுடையதைச் சுற்றித்தான் நின்றது. அவளுக்கு மட்டும் மூன்றிலும் நல்ல பெறுபேறு.

இயக்குநர் பழைய பத்திரிகைகளை எடுத்து, போன வருட வெட்டுப்புள்ளிகளைப் பார்த்தார். பல்கலைக்கழக அனுமதி மாவட்ட வாரியானது என்பது வாசகர்களுக்குத் தெரியும். வசதியான மாவட்டத்துக்குக் கூடின புள்ளி, பின்தங்கியதற்குக் குறைந்தது. அவளுடைய புள்ளி மட்டக்களப்புக்குப் போதும், முகாமைத்துவப் பட்டப்படிப்புக் கிடைக்கும். கொழும்புக்குப் போதாது. இயக்குநர் இரண்டு வரியையும் அடிமட்டம் வைத்துக் கோடு கீறிப் பார்த்தார். பிறகு தன் கையெழுத்தில் வெள்ளவத்தை விலாசம் இருந்த விண்ணப்பப் பிரதியைப் பார்த்தார். அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் அவர் பல்கலைக்கழக அனுமதியைக் கவனிக்கும் கந்தோருக்குப் போய்வந்து சொன்னது இதுதான். கொழும்பிலிருந்து வெளிவாரியாக எழுதியவர் கொழும்பு மாவட்டம். இல்லை, நான் மட்டக்களப்பு என்றால், நிரந்தர வதிவிடம் அங்கேதான் என்று அந்த ஊர்க் கிராம சேவகர் எழுதித் தரவேண்டும். விண்ணப்பம் அடுத்த வெள்ளிக்கிழமை முடிகிறது. எங்களுக்கு மீதி இருந்தது ஒன்பது நாள். எங்கள் ஊரில் ஒரு குடும்பமும் இல்லை. கிராம சேவகரும் இல்லை. அவர் எங்கே என்று முகாமில் கேட்கச் சொல்லி, கொமினிகேஷன் கடையிலிருந்து அவள் தகப்பனுக்கு அழைப்பு எடுத்தாள். விதானையாருக்குக் கண் வருத்தம், கொழும்புக்குப் போனவர், வரவில்லை என்று பதில் வந்தது. கொழும்பில் எங்கே என்று யாருக்கும் தெரியாது. நாங்கள் கிராம சேவகரை விதானையார் என்றுதான் சொல்வோம்.

அவளுக்கு அந்த இடம் கிடைக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதில் ஒளிவுமறைவு இல்லை. முகாமுக்கு அருகில் தையல் தொழிற்சாலை ஒன்றுக்கு ஆள் எடுத்தார்கள். தங்கச்சி ஏற்கனவே அங்கே பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். இவளுக்கும் பெயர் கொடுத்து வைத்திருந்தது.

செவ்வாய்க்கிழமைகளில் கொட்டாஞ்சேனைப் பக்கத்துக் கத்தோலிக்கக் கோயிலில் பெரிய சனம். வேதக்காரர் மட்டுமல்ல, கஷ்டம் உள்ள எல்லோரும் போவார்கள். விடுதிப் பெண்களைக் கன்னியாஸ்திரிகள் வரிசையாக அழைத்துப் போவார்கள். அந்தச் செவ்வாய் அவள் வரிசையில் நிற்கும்போது, மெழுகுதிரி விற்கும் இடத்தில், கறுப்புக் கண்ணாடியும் சாரமுமாக ஒருவர் மெழுகுதிரியின் நீளத்தைச் சந்தேகத்தோடு அளந்து பார்ப்பதைக் கண்டாள். சந்தேகப்பட்ட விதத்திலேயே ஆள் பிடிபட்டது. எங்கள் ஊர் விதானையார் சைவக்காரர். கண்ணுக்காக வந்திருந்தார்.

அவள் கூப்பிடவில்லை. வரிசையிலிருந்து நழுவி, இருபது முப்பது அடி பின்னால் நடந்து, சந்து திரும்பும்போதெல்லாம் நின்று, அவர் நுழைந்த வீட்டு இலக்கத்தைப் பார்த்துக்கொண்டு மறுபடியும் வரிசைக்கு வந்துவிட்டாள். எங்கள் தலைமுறையில் யாரும் வேட்டையாடியதாக எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான். ஏன் அங்கேயே பேசவில்லை என்று கேட்டேன். வெறுங்கையோடு எப்படிப் பேசுவது என்றாள்.

அது உண்மை. எங்கள் ஊரில் விதானையாரிடம் கடிதம் எடுக்கப் போகிறவர் ஒரு போத்தல் தேன் கொண்டுபோவார். லஞ்சம் என்று யாரும் நினைத்ததில்லை. அவரும் கேட்டதில்லை, போத்தலைக் கண்டதும் கதிரையைக் காட்டுவார். புதன்கிழமை இருவரும் காலி வீதியில் இருந்த பெரிய கடையில் தேன் தேடினோம். தங்க நிற மூடி, பூவில் தேனீ உட்கார்ந்த படம். அவள் மூடியைத் திறந்து மணந்து பார்த்தாள். காசாளர் பெண் எங்களை முறைத்தாள்.

"இது சீனிப்பாணி" என்றாள் அவள்.

"வேற இல்ல. வேண்டுவம்?"

"வேண்டு. போத்தல் தானே கணக்கு."

தேனுக்குப் போகும் பரம்பரையில் வந்த இரண்டு பேர் சீனிப்பாணியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் பஸ் ஏறினோம். கோட்டையில் இறக்கிச் சோதித்தார்கள். சிப்பாய் ஒருவர் போத்தலை வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தார். என்னவென்று கேட்டார். சிங்களத்தில் தேனுக்குரிய சொல்லாக மீபெனி என்றேன். அவர் முகத்தில் நம்பிக்கை தெரியவில்லை. அவர் பிழை இல்லை.

வீட்டைத் திறந்தவர் விதானையாரின் அக்கா. உள்ளே ஒரே அறை, ஒரு கட்டில், இடது கண்ணில் பஞ்சு ஒட்டிய விதானையார். சத்திர சிகிச்சை முடிந்து நாலாம் நாள்.

"ஆரு?"

"நாங்கதான், விதானையார்."

"நாங்க எண்டா?"

அவள் தகப்பனின் பெயரைச் சொன்னாள்.

"ஓ, அவன்ட மகளா? கொப்பன் எப்படிக் கா?"

"முகாமில கிடக்கார்."

அவள் போத்தலை நீட்டினாள். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்தார். உள்ளே குமிழி ஏறுகிற வேகத்தை ஒரு கண்ணால் பார்த்தார். பிறகு நிமிர்த்தி மேசையில் வைத்தார்.

"என்ன கா புள்ள, வேடத்தி கையால நான் சீனிப்பாணி குடிக்கவேண்டிய காலமா இது?"

ஊரில் அவர் அந்தச் சொல்லைச் சொன்னால் எங்கள் ஆட்கள் தலைகுனிவார்கள். அவள், கொழும்பில் மரம் இல்லை விதானையார் என்றாள். அவர் கதிரையைக் காட்டினார்.

விஷயத்தைச் சொன்னோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, முடியாது என்றார். காரணங்களை வரிசையாக எடுத்து வைத்தார். முதலாவது, தான் மருத்துவ லீவில் இருக்கிறார். இரண்டாவது, ஒரு கண்ணால் பார்த்து ஒப்பம் வைக்கலாமா என்பதற்குச் சுற்றுநிருபம் இல்லை. மூன்றாவதுதான் பெரியது.

"முத்திரை இங்க கிடக்கு, அதிகாரம் அங்க கிடக்கு. என்ட பிரிவுக்கு வெளிய நான் ஒரு சாதாரண ஆள். அதுவும் ஒரு கண் உள்ள ஆள்."

முத்திரையைக் கொண்டு வந்தீங்களா என்று நான் கேட்டேன். கேட்ட தொனி அவருக்குப் பிடிக்கவில்லை. அரசாங்கச் சொத்தை விட்டுவிட்டு ஓடுகிற பழக்கம் தனக்கு இல்லை என்றார். கட்டிலுக்கடியில் பிஸ்கட் தகரம் ஒன்று தெரிந்தது.

அவள் விடவில்லை. அவளுடைய குரல் எழும்பவும் இல்லை.

"விதானையார், இப்ப நான் எங்க இருக்கன்?"

"கொழும்பில."

"அப்ப ஊரில?"

"ஊரில ஆளே இல்லயே புள்ள. நான்தான் கடைசியா வெளிக்கிட்ட ஆள். எனக்குத் தெரியாதா?"

"கடைசியா வந்தா வாசலெல்லாம் கண்டிருப்பீங்க. எங்கட வாசலில கொப்புக் கிடந்ததா இல்லயா?"

அவர் கண்ணில் ஒட்டிய பஞ்சைத் தொட்டுப் பார்த்தார்.

"வேம்பங்கொப்பு" என்றாள். "அப்பாதான் முறிச்சுப் போட்ட."

"கண்டன்."

"மத்த வாசலில?"

"எல்லா வாசலிலயும்தான் கிடந்த."

"கொப்புக் கிடக்கிற வீட்டில ஆளில்லயெண்டு ஆர் சொல்ற?"

அது வேடருடைய வழக்கம், அரசாங்கத்துக்கு அது செல்லாது என்று சொல்ல அவர் வாயெடுத்தார். அடுப்படியிலிருந்து அக்கா குறுக்கிட்டார்.

"இவரும்தானே கந்தோர்க் கதவில ஒண்டச் செருகிப் போட்டு வந்தவர். முகாமுக்கு வரக்குள்ளயும் அதத்தான் சொல்லிச் சொல்லி வந்த. மாங்கொப்பாம். காயமுந்தித் திரும்பிருவாராம்."

"நீ உள்ள போ அக்கா."

"நான் உள்ளதான் நிக்கன்."

விதானையார் போத்தலை மேசை ஓரத்துக்கு நகர்த்தினார். அவருடைய காலத்தில் எங்கள் ஊர்க்காரரை அவர் வேடன் என்று அழைத்துக் கேலி செய்ததுண்டு; சடங்குக்கு அனுமதி கேட்டால் மேளம் எத்தனை மணிக்கு முடியும் என்றுதான் கேட்பார். இப்போது காலை நீட்டி, குதிகாலால் பிஸ்கட் தகரத்தை வெளியே இழுத்தார். அதற்குள் முத்திரை, மைத்திண்டு, கந்தோர்க் கடதாசி, எல்லாம் ஒழுங்காக இருந்தன. மைத்திண்டு காய்ந்திருந்தது. அக்கா தேநீருக்குக் கொதித்த தண்ணீரில் நாலு துளி விட்டார்.

அவர் ஒற்றைக் கண்ணைக் கடதாசிக்குக் கிட்டக் கொண்டுபோய் எழுதினார். பெயர், தகப்பன் பெயர், எங்கள் ஊர், வீட்டு இலக்கம், அங்கே நிரந்தரமாக வசிப்பவர். இனம் என்ற இடம் வந்ததும் பேனை நின்றது. இத்தனை வருடத்தில் அந்த இடத்தில் அவர் நின்றதை நான் கண்டதில்லை.

"இதில என்ன போட?"

வேடர் என்று போடச் சொன்னேன். எங்கள் இயக்குநர் அதைத்தான் விரும்புவார் என்று தெரியும்; காசு தந்தவர்களுக்கு ஒரு அரசாங்கத் தாளாவது காட்டவேண்டும் என்று அவர் பத்து மாதமாக அலைந்துகொண்டிருந்தார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"வழக்கமாப் போடுறதப் போடுங்க விதானையார். புதுசா ஒண்டு போட்டா அங்க இருக்கிறவர் ரெண்டு நாள் யோசிப்பார். எனக்கு ரெண்டு நாள் இல்ல."

இலங்கைத் தமிழர் என்று எழுதினார். முத்திரை கொஞ்சம் வெளிறி விழுந்தது. வெளிக்கிடும்போது போத்தலைத் திருப்பித் தந்தார். ஊர் திரும்பினால் சரியான ஒன்று வரவேண்டும் என்றார்.

பிரதேச செயலாளரின் மேலொப்பம் ஒன்று மீதி இருந்தது. இயக்குநர் தன் பழைய மாணவர் ஒருவரைப் பிடித்து, கடிதத்தை மட்டக்களப்புக்கு ரயிலில் கொடுத்தனுப்பி, மூன்றாம் நாள் எடுப்பித்தார். அவர் தன் சேவைக்காலத்தில் செய்யாத வேலை என்று எங்களுக்குச் சொன்னார். சொல்லும்போது இளமையாகத் தெரிந்தார்.

அது கடைசி நாள், வெள்ளிக்கிழமை; காலையிலேயே விண்ணப்பத்தை நிரப்பினார்கள். இயக்குநர் இம்முறை பேனையைத் தொடவில்லை. அவளையே எழுதவிட்டு, பக்கத்தில் நின்றார். கடிதம் அனுப்பவேண்டிய விலாசம் என்ற இடத்துக்கு வந்ததும், "அதில இஞ்சத்தை விலாசத்தைப் போடு பிள்ளை, தபால் ஒழுங்கா வரும்" என்றார்.

அவள் விதானையாரின் கடிதத்தை விண்ணப்பத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"சேர், நான் ஊரிலதான் இருக்கன் எண்டு விதானையார் எழுதித் தந்திருக்கார். ஒரு பக்கத்தில அது, மத்தப் பக்கத்தில வெள்ளவத்த. பாக்கிறவர் எதப் பொய் எண்டுவார்?"

இயக்குநர் விண்ணப்பத்தை அவள் பக்கமே தள்ளிவிட்டார். போன முறை வெள்ளவத்தை என்று எழுதியதால் வந்த வினை அவருக்கு நினைவிருந்தது. எனக்கும் அவள் சொன்னது சரியென்றுதான் பட்டது. மற்ற நால்வரும் தலையாட்டினார்கள். இந்த நாட்டுத் தாள்கள் ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்ளும் என்று ஆறு பேரும் நம்பினோம். அவள் இரண்டு இடத்திலும் ஊர் விலாசத்தை எழுதினாள். நான்தான் கொண்டுபோய்க் கையில் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்கினேன்.

பாடநெறி அந்த மாதத்தோடு முடிந்தது. பலகையை யாரும் கழற்றவில்லை. இயக்குநர் மகனிடம் கனடாவுக்குப் போனார். மற்றவர்கள் முகாமுக்குத் திரும்பினார்கள். எனக்கு ஒரு பத்திரிகையில் அச்சுப்படியை ஒப்புநோக்கும் வேலை கிடைத்தது. வேடன் என்பதால் அல்ல, இரவு வேலைக்கு வேறு ஆள் வராததால்.

வெட்டுப்புள்ளிகள் வெளிவந்தபோது அந்தப் பக்கத்தை ஒப்புநோக்கியவன் நான். வர்த்தகம், மட்டக்களப்பு. மூலப்பிரதியை மூன்று தடவை பார்த்தேன். அவளுடைய புள்ளி மேலே இருந்தது, தாராளமாகவே. காலையில் முகாமுக்குப் பக்கத்துக் கடைக்கு அழைப்பு எடுத்து அவளிடம் சொன்னேன்.

"ஓம், பேப்பர் வந்த. தங்கச்சி பாத்த" என்றாள். "கடிதம் வரட்டும்."

இரண்டு மாதம் ஆகியும் வரவில்லை. அவள் கந்தோருக்கு இரண்டு தடவை அழைப்பு எடுத்தாள். நான் ஒரு தடவை நேரில் போனேன். யன்னலுக்குள் இருந்தவர் பதிவேட்டைப் பார்த்து, எல்லோருக்கும் தபாலில் போட்டாயிற்று, தந்த விலாசத்துக்குப் போயிருக்கும், பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லுங்கள் என்றார். கடிதத்தில் உள்ள இலக்கம் இல்லாமல் பதிய முடியாது என்றும் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார்.

எங்கள் ஊருக்கு வந்த தபால் எல்லாம், ஊர் மூடியிருந்ததால், பக்கத்துப் பட்டினத்தில் ஒரு சாக்கில் சேர்ந்திருந்தது. முகாமில் இருந்த எங்கள் ஆட்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை, எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஊரைத் திறந்து முதல் நூறு குடும்பத்தைக் குடியேற்றியபின், தபாற்காரர் அந்தச் சாக்கைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து பள்ளிக்கூட விறாந்தையில் கொட்டினார். அவளுடைய கடிதம் அதில் இருந்தது. பதிவுக்குக் கடைசி நாள் பதினான்காம் திகதி என்று போட்டிருந்தது. சாக்கு வந்தது அதே மாதம் இருபத்தெட்டாம் திகதி.